பூங்காவில் எங்கே உட்காருவது? நெடுநாள் அனுபவம்

வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் பொதுப் பூங்காவுக்குள் ஒரு சுற்றுப் போய்வருவது எனக்குச் சில ஆண்டுகளாகப் பழக்கம். பூங்காவில் அமைதி கிடைப்பதும் கிடைக்காததும் நாம் உட்காரும் இடத்தைப் பொறுத்தது என்பதுதான் இதில் நான் கண்டது.

பலரும் வாசலை ஒட்டிய பெஞ்சிலேயே உட்கார்ந்து, ஹாரன் சத்தம் தாங்காமல் எழுந்து போய்விடுகிறார்கள். வேலியோரம் வரிசையாகச் செடி இருந்தால் சத்தம் வராது என்று நினைப்போம். அது சாலையை மறைக்குமே தவிர இரைச்சலைப் பெரிதாகத் தடுக்காது. தூரம்தான் உதவும்: சாலையிலிருந்து விலகியிருக்கும் தூரம் இரட்டிப்பானால் போக்குவரத்து இரைச்சல் சுமார் 3 டெசிபெல் இறங்கும். பக்கத்தில் நீரூற்றோ சலசலக்கும் மரமோ இருந்துவிட்டால் மிச்ச இரைச்சலும் காதில் உறைக்காது. அதனால் சோம்பல் பார்க்காமல் உள்ளே கடைசி வரை நடந்துபோய் உட்காருங்கள்.

வெயில் நேரத்தில் புல்வெளியை நம்ப வேண்டாம், பெரிய மரத்தடிதான் சரி. நிழல் மட்டும் காரணமில்லை. இலைகள் நீராவியை வெளிவிடும்போது சுற்றியுள்ள வெப்பத்தையும் எடுத்துக்கொள்கின்றன. அங்கே உட்கார்ந்து தரையைக் கவனியுங்கள். இலை இடுக்குகள் எந்த வடிவத்தில் இருந்தாலும், அவற்றின் வழியே விழும் வெளிச்சப் புள்ளிகள் வட்ட வட்டமாகவே இருக்கும். ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பம். பகுதி சூரிய கிரகணத்தின்போது அத்தனையும் பிறையாக மாறிவிடும். எனக்கு இது அலுத்ததே இல்லை.

உடம்புக்கு என்ன பலன் என்று கேட்பவர்களுக்கு: இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் கேட்டு 2019-ல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்களில் கூடுதலானோர் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனால் பூங்காவுக்குப் போன நாட்களில் நான் வீட்டில் எரிந்து விழுவதில்லை.

குறைகளும் உண்டு. சருகை ஒன்றுவிடாமல் கூட்டி அள்ளிவிடுகிறார்கள். அது மக்கினால்தானே மண்ணுக்கு உரம், மண்புழுவுக்கு இரை? சருகில்லாமல், ஆள் நடமாட்டத்தில் இறுகிப்போன மரத்தடியில் மழைத் தண்ணீர் இறங்காமல் வழிந்தோடுகிறது. அப்புறம், ஒலிபெருக்கி. பறவைச் சத்தம் கேட்க வந்த இடத்தில் பாட்டு எதற்கு? பராமரிப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். சத்தத்தைக் குறைத்தார்கள், நிறுத்தவில்லை. மறுபடியும் எழுதப் போகிறேன். உங்கள் பூங்காவிலும் இதே தொல்லை என்றால் நீங்களும் எழுதிக் கொடுங்கள்.