எங்கள் வட்டார ஆர்.எஸ்.எல். கிளப்

மேற்கு சிட்னிக்குக் குடிவந்த முதல் மூன்று ஆண்டுகள், எங்கள் ரயில் நிலையத்துக்கு எதிரே ஆர்.எஸ்.எல். என்ற மூன்று எழுத்துகளோடு நிற்கும் கட்டடத்தை நான் ஒரு சூதாட்ட விடுதி என்றே எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் முழுக்கத் தவறும் அல்ல. ஆனால் அங்கு உறுப்பினராகி நான்கு ஆண்டுகள் சென்ற பின், அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதத் தோன்றுகிறது.

முதல் உலகப் போரிலிருந்து உடல் நலிந்து திரும்பிய படைவீரர்கள், தங்கள் ஓய்வூதியத்துக்கும் மருத்துவத்துக்கும் குரல் கொடுக்க 1916இல் தொடங்கிய சங்கமே ஆர்.எஸ்.எல். (இன்றைய முழுப்பெயர் ரிட்டர்ன்டு அண்ட் சர்வீசஸ் லீக்). அதன் வட்டாரக் கிளை வேறு, கிளப் வேறு என்பது பலருக்குத் தெரிவதில்லை. கிளை என்பது முன்னாள் படைவீரர்களின் சங்கம். கிளப் என்பது மது உரிமமும் சம்பளப் பணியாளர்களும் கொண்ட தனி நிறுவனம். படைவீரர்கள் கூடிக் குடித்துப் பேச ஓர் அறை என்ற அளவில் இருந்த கிளப்கள் இன்றைய உருவத்துக்கு வளர்ந்ததற்கு முக்கியமான காரணம், 1956இல் எங்கள் மாநிலமான நியூ சவுத் வேல்ஸின் அரசு அவற்றில் போக்கர் இயந்திரங்களை, அதாவது காசு போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரங்களை, சட்டப்படி அனுமதித்ததுதான். மலிவான சாப்பாடு, முதியோரை வீட்டு வாசலில் இறக்கிவிடும் இலவச வேன், பந்தை உருட்டி ஆடும் பௌலிங்குக்கான பராமரிப்புக் குறையாத புல்தரை ஆகிய எல்லாவற்றுக்குமான பணத்தில் பெரும்பங்கு அந்த இயந்திரங்கள் இருக்கும் இருட்டுக் கூடத்திலிருந்தே வருகிறது. நான் அதற்குள் நுழைவதில்லை. ஆனாலும் என் தட்டில் இருக்கும் சோற்றின் விலையில் யாரோ ஒருவர் தோற்ற காசு கலந்திருக்கிறது என்ற உறுத்தல் எனக்கு உண்டு.

உறுப்பினர் அல்லாதவர் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி, தற்காலிக உறுப்பினர் சீட்டு பெற்று உள்ளே செல்லலாம். தொப்பியைக் கழற்ற வேண்டும். சமயம் சார்ந்த தலைப்பாகைக்கும் முக்காட்டுக்கும் விலக்கு உண்டு. கிளப்பின் சாப்பாட்டுக் கூடமான பிஸ்ட்ரோவில், ரொட்டித்தூள் தடவிப் பொரித்த கோழி ஷ்னிட்சல் தட்டை மீறித் தொங்கும் அளவில் வரும். சைவர்களுக்கு உருளைக்கிழங்கு வறுவலும் ஒரு பாஸ்தாவும் மட்டுமே. மாடியிலுள்ள சீன உணவகம்தான் நம்மவர்களுக்குக் கைகொடுக்கிறது. சிப்பிச் சாஸ் வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னால் முகம் சுளிக்காமல் தனியாகச் சமைத்துத் தருகிறார்கள்.

விழா மண்டபத்தை எடுக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு நாங்கள் முன்பணம் கட்டிய பிறகே, வெளியிலிருந்து எந்த உணவையும் கொண்டுவரக்கூடாது என்பதைச் சொன்னார்கள். கேக்குக்கு மட்டும் அனுமதி கிடைத்தது; பாயசத்துக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் கார் நிறுத்துமிடத்தில் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து, காகிதக் குவளைகளில் ஊற்றிக் கொடுத்தோம். விதியைக் குறை சொல்லவில்லை, ஆனால் பணம் வாங்கும் முன்பே சொல்லியிருக்கலாம்.

மாலை ஆறு மணிக்கு விளக்குகள் மங்கும். இசை நிற்க, பிங்கோ அட்டையோடு இருப்பவர்கள் உட்பட எல்லோரும் எழுந்து நிற்பார்கள். போரில் மாண்டவர்களை நினைத்து ஆங்கிலக் கவிஞர் லாரன்ஸ் பின்யன் 1914இல் எழுதிய கவிதையின் ஒரு பத்தி ஒலிபெருக்கியில் வாசிக்கப்படும். முடிவில் "மறவோம்" என்ற பொருளில் எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும், அவ்வளவுதான். முதல் முறை என் மகன் உருளைக்கிழங்கை வாயில் வைத்தபடியே, மெல்லாமல் நின்றான்.

நுழைவாயிலை அடுத்த நடைக்கூடத்தில் பதக்கங்களும் பழைய படங்களும் இருக்கின்றன. 1942-43இல் ஜப்பானியர் போர்க் கைதிகளைக் கொண்டு அமைத்த சயாம்-பர்மா ரயில்பாதையின் படம் ஒன்றில், விலா எலும்பு தெரியும் ஆஸ்திரேலியர்கள் இடுப்புத் துண்டோடு நிற்கிறார்கள். அங்கு வேலை செய்த ஏறத்தாழ 13,000 ஆஸ்திரேலியக் கைதிகளில் சுமார் 2,800 பேர் மாண்டனர். அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள் என்பதைப் படத்தின் கீழிருந்த குறிப்பு சொல்லவில்லை. அந்தக் காட்சிப் பெட்டிகளைத் துடைத்துப் பராமரிக்கும் முதியவர், வியட்நாம் போரில் பணியாற்றியவர், நான் இதைச் சொன்னதும் தமக்கு அது தெரியும் என்றும், எழுதித் தர ஆளில்லாமல் போனது என்றும் சொன்னார். அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துப் போனபோது அது அந்தப் படத்தின் வலக்கீழ் மூலையில், நான்கு குண்டூசிகளில், சற்றுச் சாய்வாக இருந்தது.