ஏ.ஆர். 500 என்று சொல்லி விற்ற இலக்குத் தகடுகள்: வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்

வீட்டில் சுட்டுப் பழக இரும்பு இலக்குத் தகடு வாங்க நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். போனது பணம் மட்டும் என்றால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். ஈயச் சில்லு ஒன்று திரும்பி வந்து என் முன்கையைக் கிழித்துவிட்டுப் போனது. அப்போது எனக்கு நான்கடி பின்னால் என் மகள் நின்றிருந்தாள்.

நான் 9 மி.மீ. கைத்துப்பாக்கியில் பழகுகிறவன். உரிமம் இருக்கிறது, சுட அனுமதியுள்ள சொந்த இடம் இருக்கிறது, எதிரே ஆள் உயரத்துக்கு மேல் மண்மேடு இருக்கிறது. காகித இலக்கில் சுட்டால் எங்கே பட்டது என்று பார்க்க ஒவ்வொரு முறையும் நடக்க வேண்டும். இரும்பில் பட்ட உடனே சத்தம் சொல்லிவிடும். அதற்காகத்தான் ஆறு வட்டத் தகடுகள் வாங்கினேன். ஒவ்வொன்றும் 20 செ.மீ. விட்டம், 6 மி.மீ. கனம். 'அசல் ஏ.ஆர். 500, ஆயுளுக்கும் தேயாது' என்று விளம்பரம். மற்ற இடங்களில் கேட்ட விலையில் பாதிதான். அங்கேயே யோசித்திருக்க வேண்டும்.

ஏ.ஆர். என்பது உராய்வைத் தாங்கும் எஃகு. சுரங்க வண்டிகளின் தொட்டிக்கும் மண் அள்ளும் வாளிக்கும் போடுகிற தகடு. 500 என்பது பிரினெல் கடினத்தன்மை எண்ணைச் சுற்றி வைத்த பெயர். ஸ்வீடன் பொறியாளர் பிரினெல் 1900-இல் கொண்டுவந்த அளவுமுறை அது. நல்ல ஏ.ஆர். 500 தகடு ஏறக்குறைய 470-க்கும் 530-க்கும் இடையில் காட்டும். பட்டறைகளில் கிடக்கிற சாதாரண எம்.எஸ். தகடு, அதாவது மென் எஃகு, 120 முதல் 150 வரைதான். பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பார்சல் வந்ததும் சோதிக்காமல் இல்லை. வெர்னியர் அளவுகோல் வைத்துக் கனம் பார்த்தேன், சரியாக இருந்தது. ஒரு தகட்டை நிறுத்துப் பார்த்தேன், ஒன்றரைக் கிலோ, அதுவும் கணக்குக்குச் சரி. அதில் திருப்தியாகிவிட்டேன். கடின எஃகும் சாதா இரும்பும் எடையில் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பது அந்த நேரத்தில் புத்திக்கு எட்டவில்லை. எடை சரியாக இருந்தால் கனத்தில் ஏமாற்றவில்லை என்றுதான் அர்த்தம். தரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

முதல் இரண்டு வாரம் 12 மீட்டரில் நின்று ஒரு தகட்டுக்கு ஐம்பது, அறுபது தோட்டா சுட்டிருப்பேன். கைத்துப்பாக்கிக்குக் குறைந்தது 9 மீட்டராவது வேண்டும் என்பார்கள், அதைவிடத் தள்ளித்தான் நின்றேன். சுட்டு முடித்ததும் பார்த்தால் அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழிகள். ஈயம் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து மேலே வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டேன். நான் செய்த பெரிய தவறு அதுதான். குழிகள் மறைந்துபோயின.

மூன்றாவது வாரம் நான்காவதோ ஐந்தாவதோ தோட்டாவில் கையில் சுரீர் என்றது. "அப்பா, கையில ரத்தம்" என்று மகள் கத்தின பிறகுதான் குனிந்து பார்த்தேன். இருவரும் கண்ணாடி போட்டிருந்தோம். என் கண்ணாடியின் ஓரத்திலும் ஒரு புதுக் கீறல் இருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏன் அப்படி ஆகிறது என்று சொல்கிறேன். தகட்டின் கடினமான, சமமான முகத்தில் தோட்டா மோதினால் ஈயமும் செம்பு உறையும் நொறுங்கி, தகட்டின் பரப்பை ஒட்டியே பக்கவாட்டில் சிதறும். சுடுபவர் பக்கம் வருவது மிகக் குறைவு. முகத்தில் குழி இருந்தால் கதை மாறிவிடும். குழியின் சரிவு சில்லுகளை வழிமாற்றி நேரே நம் பக்கமே திருப்பி அனுப்பும். மென்மையான தகடு சீக்கிரம் கெட்டுப்போகும் என்பது சின்ன விஷயம், நம் மேலேயே சுடும் என்பதுதான் விஷயம்.

ஒரு தகட்டை எடுத்துக்கொண்டு இயந்திரப் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் கடினமானி வரை போகவே இல்லை. பழைய அரம் ஒன்றை எடுத்து விளிம்பில் இரண்டு இழு இழுத்தார், துகள் பொலபொலவென்று உதிர்ந்தது. "தம்பி, இது சாதா எம்.எஸ். பிளேட்டு" என்றார். ஏ.ஆர். 500-இலும் அரம் கீறும், ஆனால் வழுக்கி வழுக்கித்தான் கடிக்கும், இப்படி இழைக்காது. நான் கேட்டுக்கொண்டதால் கருவியிலும் வைத்துப் பார்த்தார். பிரினெல் 134.

விற்றவரைக் கூப்பிட்டேன். "சார், எல்லாத் தகட்டுலயும் தடம் விழத்தான் செய்யும்" என்றார். அப்புறம் "நீங்க கிட்ட நின்னு சுட்டிருப்பீங்க" என்றார். கடைசியில், "மேல பெயின்ட் அடிச்சுக்குங்க, சரியாயிடும்" என்றார். கையில் கட்டோடு நிற்கிறவனிடம் சொன்ன வார்த்தை இது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

ஆலைச் சான்றிதழ், அதாவது எஃகு செய்த ஆலை தருகிற தரச் சான்று, கேட்டேன். இரண்டு நாள் கழித்து மங்கலான படம் ஒன்று வந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் அது 12 மி.மீ. தகட்டுக்கானது. என்னிடம் இருப்பது 6 மி.மீ. அதைச் சுட்டிக்காட்டியதும் பதில் நின்றுவிட்டது. மறுவாரம், பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்றும், நான் எழுதிய மதிப்புரையை நீக்கினால் கால்வாசிப் பணம் தருவதாகவும் செய்தி வந்தது. நீக்கவில்லை. பணமும் வரவில்லை.

நீங்கள் வாங்குவதாக இருந்தால் காசு கொடுக்கும் முன்பே ஆலைச் சான்றிதழ் கேளுங்கள். அதில் வார்ப்பு எண் (எந்த உருக்கில் வந்த எஃகு என்று காட்டுவது), கனம், பிரினெல் அளவு மூன்றும் இருக்க வேண்டும், கனம் உங்கள் தகட்டோடு ஒத்துப்போக வேண்டும். 'ஏ.ஆர். 500-க்கு நிகரானது' என்று எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். எப்படி வெட்டினார்கள் என்றும் கேளுங்கள். இந்த எஃகு ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடானால் கடினத்தை இழக்கத் தொடங்கும். கேஸ் கட்டிங்கில் வெட்டினால் விளிம்பை ஒட்டி அகலமாக மென்மையாகிவிடும். நீர்த்தாரையிலோ லேசரிலோ வெட்டியது நல்லது. முகத்தில் வெல்டிங் இருந்தால் வேண்டவே வேண்டாம். தகடு வந்ததும் ஓரத்தில் கொஞ்சம் பெயின்டைச் சுரண்டி அரம் போட்டுப் பாருங்கள். சுடும் முன் பார்த்தால் திருப்பி அனுப்ப வாய்ப்பாவது இருக்கும்.

ரைபிள் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 6 மி.மீ. போதாது, 10 மி.மீ. பக்கம் போங்கள், 90 மீட்டருக்குக் குறையாமல் நில்லுங்கள். தோட்டா நொடிக்கு 900 மீட்டருக்கு மேல் வேகத்தில் வந்து மோதினால் அசல் தகட்டிலேயே குழி விழும். தோட்டா முனையில் காந்தம் ஒட்டினால் உள்ளேயோ உறையிலோ இரும்பு இருக்கிறது, அதை இரும்பில் சுடாதீர்கள். தகட்டை மேல்பக்கம் முன்னால் சாய்கிற மாதிரி தொங்கவிடுங்கள், சில்லு மண்ணுக்குப் போகும். கண்ணாடி சுடுபவருக்கு மட்டும் இல்லை, வேடிக்கை பார்க்கிறவர்களுக்கும் வேண்டும்.

ஆறில் ஐந்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன், வேறு யாரும் எடுத்துத் தொங்கவிடக் கூடாது என்று. ஒன்றை மட்டும் புகாருக்காக வைத்திருக்கிறேன். அந்த விளம்பரம் இன்றும் அப்படியே இருக்கிறது. வெள்ளைப் பெயின்ட் அடித்த ஆறு வட்டங்கள், கீழே 'ஆயுளுக்கும் தேயாது' என்ற வரி. உங்கள் கண்ணில் பட்டால், 6 மி.மீ. தகட்டுக்கான சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.