பிளேட்லெட் எண்ணுக்கு அப்பால்: யாழ்ப்பாணத்து டெங்கு விடுதி அனுபவம்

வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாதங்களில் யாழ்ப்பாணத்துக்குப் பயணம் போகிறவர்கள் டெங்குவையும் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். நாங்கள் கனடாவிலிருந்து போயிருந்த சமயத்தில் என் தங்கையின் மகனுக்கு அது கடுமையாக வந்ததால், அரச வைத்தியசாலை ஒன்றின் டெங்கு விடுதி எப்படி இயங்குகிறது என்பதை அருகிலிருந்து பார்க்க நேர்ந்தது.

முதலில் அவர் போனது ஒரு தனியார் சிகிச்சை நிலையத்துக்கு. உடலுளைவுக்கு டைக்ளோபெனாக் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அஸ்பிரின், இபுபுரூபன், டைக்ளோபெனாக் போன்றவை குருதியை உறையச் செய்யும் சிறுதட்டுக்களின் (பிளேட்லெட்) வேலையைக் குலைப்பவை. சிறுதட்டுக்கள் குறையும் நோயில் தசைக்குள் போடும் ஊசியும் குருதிக்கட்டை உண்டாக்கக்கூடும். டெங்கு பரவும் காலத்தில் காய்ச்சலோடு வருகிறவருக்குப் பனடோலுக்கு மேல் எதையும் கொடுக்கக் கூடாதென்பது ஊரில் எல்லோரும் அறிந்த செய்தியாக இருந்தும் இப்படி நடந்தது.

அரச வைத்தியசாலையில் சேர்த்த மறுநாள் காய்ச்சல் விட்டது. வீட்டில் எல்லோரும் நிம்மதியடைந்த அந்த நேரத்தில்தான் தாதியர் மணிக்கொரு தரம் கட்டிலடிக்கு வரத் தொடங்கினார்கள், ஏனெனில் நாளங்களிலிருந்து குருதித் திரவம் கசியும் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையில் ஆரம்பித்து 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். நாடித்துடிப்பு, இரத்த அழுத்தத்தின் மேல் கீழ் எண்களுக்கு இடையிலான வித்தியாசம், சிறுநீரின் அளவு, பிசிவி (குருதியில் செவ்வணுக்களின் பங்கு, திரவம் கசிந்தால் உயரும்) ஆகியவற்றைக் கையால் வரைபடத்தில் குறித்தார்கள். இரத்த அழுத்த எண்களின் வித்தியாசம் 20க்கு இறங்கினால் உடனே வைத்தியருக்குச் சொல்ல வேண்டும் என்பது கட்டளை. ஏற்றும் திரவத்துக்கும் உச்ச அளவு உண்டு: 50 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள ஒருவருக்கு அந்தக் கட்டம் முழுவதற்கும், வாயால் குடிப்பதையும் சேர்த்து, 4,600 மில்லிலீற்றர்.

சிறுதட்டு எண்ணிக்கை 18,000க்கு இறங்கியதும் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து தொலைபேசி அழைப்புகள் ஓயவில்லை. "பிளேட்லெட் ஏத்தியாச்சோ?" என்பதுதான் ஒவ்வொருவரின் கேள்வியும், காசு பிரச்சினையில்லை என்றும் சிலர் சொன்னார்கள். வைத்தியர் மறுத்துவிட்டார். இரத்தப்போக்கு இல்லாதபோது எண்ணைப் பார்த்து மட்டும் சிறுதட்டு ஏற்றுவதால் இரத்தப்போக்கைத் தடுக்க முடிவதில்லை என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017இல் வெளிவந்த ஆய்வு காட்டியிருக்கிறது. ஒவ்வாமையும் நுரையீரலில் நீர் சேர்தலும் போன்ற கேடுகளோ உண்டு. மறுக்கும் துணிவுள்ள வைத்தியர் கிடைத்ததை நான் பெரிய சேவையாகவே கருதுகிறேன்.

கடுமையான டெங்குவில் சிறுதட்டுக்கள் மட்டும் குறைவதில்லை. நாளங்களின் உட்சுவர் பழுதடைகிறது, ஈரல் பாதிக்கப்பட்டு உறைதற்காரணிகளின் உற்பத்தி தளர்கிறது, உறைவுக்கு வேண்டிய பைபிரினோஜன் என்ற புரதம் குறைகிறது, குருதி உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் ஏபிடிடி சோதனையின் நேரம் நீள்கிறது. இவற்றின் பின்னும் பலர் இரத்தப்போக்கின்றித் தேறிவிடுகிறார்கள். அதிர்ச்சி நிலை (உறுப்புகளுக்கு இரத்த ஓட்டம் போதாமற் போவது) நீடித்தால்தான் உடலெங்கும் நுண்ணிய உறைவுகள் தோன்றி, இருக்கும் காரணிகளும் செலவழிந்து, இரத்தப்போக்கை நிறுத்துவது கடினமாகிறது.

அன்றிரவு 49 ஆக இருந்த பிசிவி 41க்கு விழுந்தது. குறைந்தது நல்லதுதானே என்று தங்கை கேட்டார். நாடி வேகமாக இருக்க, கைகள் குளிர்ந்திருக்க, பிசிவி விழுவது குணமாதலின் அடையாளம் அல்ல, உள்ளே எங்கோ இரத்தம் கசிகிறது என்று பயிற்சி வைத்தியர் விளக்கினார். மலம் கறுத்துப் போயிருந்தது. மேலும் சேலைன் ஏற்றாமல் இரத்தமே ஏற்றினார்கள். விடியும்போது கைகளில் சூடு திரும்பியிருந்தது.

குறைகளும் இருந்தன. கழிப்பறை பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு தாதி பார்க்க வேண்டிய கட்டில்கள் மிக அதிகம். ஆனால் சிகிச்சைக்கு ஒரு சதமும் வாங்கவில்லை. டெங்கு அறிவிக்க வேண்டிய நோய் என்பதால் வைத்தியசாலை தகவல் அனுப்ப, அவர் வீடு திரும்புவதற்கு முன்பே பொதுச் சுகாதார பரிசோதகர் வளவைப் பார்வையிட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டிலிருந்த நீரில் நுளம்புக் குடம்பிகளைக் காட்டி, அதை வாரம் ஒரு முறை கழுவிக் காயவைக்கும்படி சொல்லிப் போயிருந்தார்.