ஏழு மணிக்கு மேல் போன் இல்லாத வீடு: சில வருஷ அனுபவம்

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலமான லெந்து நாட்களில் கறி மீன் சாப்பிடாதவர்களும் தலையில் பூ வைக்காதவர்களும் எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் நிறைய உண்டு. 2022 லெந்தில் எங்கள் வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போனும் டிவியும் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். ஈஸ்டர் வந்து போனது, ஆனால் விட்டதைத் திரும்ப எடுக்கவில்லை. இன்றுவரை அப்படித்தான் போகிறது. அப்போது பையன் ஐந்தாம் வகுப்பு, பெண் எல்.கே.ஜி. இப்போது அவன் ஒன்பதாவது, அவள் மூன்றாவது. நான், என் கணவர், கணவரின் அம்மா என்று வீட்டில் மொத்தம் ஐந்து பேர். எங்கள் திருச்சபையில் பல தாய்மார்கள் இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் எது உதவியது, எது உதவவில்லை என்று எழுதுகிறேன்.

போன் சாத்தானின் கருவி என்று சிலர் பிரசங்கிப்பதை நான் ஏற்பதில்லை. குவைத்தில் இருக்கும் என் கொழுந்தன் முகத்தை நாங்கள் பார்ப்பதே அதில்தான். ஊரடங்கில் ஆராதனையும் அதில்தான் வந்தது, பள்ளிக்கூடமும் அதில்தான் நடந்தது. ஆனால் அதே 2020-இல் வேறொன்றும் நடந்தது. ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸை முதன்முதலில் நம் நாட்டில்தான் இறக்கினார்கள். பாடம் படிக்கப் போனை எடுத்த பிள்ளைகளுக்கு, பாடம் முடிந்ததும் பதினைந்து விநாடி வீடியோக்கள் முடிவில்லாமல் காத்திருந்தன. எனக்கு அளவுகோலாக நிற்பது வேதாகமத்தில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய வசனம்: எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன். போன் நல்லதா கெட்டதா என்று நான் கேட்பதில்லை. கீழே வை என்றால் வைக்க முடிகிறதா என்று மட்டும்தான் கேட்கிறேன்.

இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்லும் வரம்பு எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. இரண்டு வயதுக்குள் திரையே கூடாது, இரண்டிலிருந்து ஐந்து வரை நாளுக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், ஐந்திலிருந்து பத்து வரை இரண்டு மணி நேரத்துக்குள். தூரத்தில் இருக்கும் சொந்தங்களோடு வீடியோ காலில் பேசுவதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்புகூடக் கைக்குழந்தைகளுக்கே அனுமதிக்கிறது. அதனால் சித்தப்பா கால் எங்கள் வீட்டில் கணக்கில் வராது. மணி எட்டு ஆனாலும் எல்லோரும் பேசலாம்.

இனி செயலிகள். பையனின் பழைய ஆண்ட்ராய்டு போனில் கூகுள் ஃபேமிலி லிங்க் போட்டோம். இலவசம். நம் போனிலிருந்தே தினசரி நேரத்தை வைக்கலாம், இரவில் பூட்டும் நேரத்தை வைக்கலாம், எந்தச் செயலிக்கு எத்தனை நிமிஷம் என்றும் பிரிக்கலாம். புதுச் செயலி இறக்க வேண்டுமென்றால் அனுமதி கேட்டு நமக்கு வரும். பூட்டியிருந்தாலும் கால் வரும், பேசலாம். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போடுங்கள். தினசரி வரம்பு ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி. போனில் ஒரு மணி, டேப்லெட்டில் ஒரு மணி என்றால் பிள்ளைக்குக் கிடைப்பது இரண்டு மணி. போனஸ் நேரம் என்று ஒன்று உண்டு, பெற்றோர் கூட்டிக் கொடுக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடு அருமையானது. நாம் கத்த வேண்டாம், போனே நின்றுவிடும். வாக்குவாதம் பாதியாகக் குறைந்தது.

பெரியவர்களுக்கு நான் முதலில் சொல்வது யூடியூபில் பார்வை வரலாற்றை நிறுத்தி, பழையதை அழிப்பது. 2023-இலிருந்து, வரலாறு இல்லாத கணக்குக்கு முகப்பில் பரிந்துரை எதுவும் வராது, வெறும் தேடல் பெட்டிதான் நிற்கும். என்ன வேண்டும் என்று நாமே நினைத்துத் தட்டினால்தான் வீடியோ. சமையல் குறிப்பு தேடப் போய் ஒரு மணி நேரம் போகிற கதை அத்தோடு நின்றது. அடுத்து, இரவில் திரையைக் கறுப்பு வெள்ளையாக்கும் உறக்க நேர வசதி. ஆண்ட்ராய்டின் டிஜிட்டல் வெல்பீயிங் பகுதியில் இருக்கிறது. எனக்கும் கணவருக்கும் நன்றாக வேலை செய்தது. பிள்ளைகள் கறுப்பு வெள்ளையிலும் சந்தோஷமாகப் பார்ப்பார்கள், அவர்களுக்கு இதை நம்பவேண்டாம். வைஃபையை ரவுட்டரில் நேரம் வைத்து நிறுத்துவது வீண் வேலை. மொபைல் டேட்டா இருக்கிற காலத்தில் அதற்கு அர்த்தமில்லை.

ஆனால் செயலியால் செய்ய முடிந்தது நேரத்தைக் காலி செய்வது மட்டும்தான். மத்தேயு சுவிசேஷம் 12-ஆம் அதிகாரத்தில் இயேசு ஆண்டவர் சொன்ன வீடு நினைவிருக்கும். அசுத்த ஆவி வெளியே போகிறது, திரும்பி வந்து பார்த்தால் வீடு பெருக்கி ஜோடித்து வெறுமையாக இருக்கிறது, உடனே ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு குடியேறுகிறது. பூட்டு மட்டும் போட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே பிள்ளைகள் பூட்டு திறக்கும் நேரத்துக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஏழு மணிக்கு என்ன நிற்கும் என்பதைவிட ஏழு மணிக்கு என்ன தொடங்கும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் தொடங்குவது குடும்ப ஜெபம். இதில் புதுமை ஒன்றுமில்லை, திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவ வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடப்பதுதான். முன்பு எட்டு மணிக்கு நடத்துவோம். சாப்பாடு, வீட்டுப்பாடம், சீரியல் எல்லாம் முடிந்து எல்லோரும் கொட்டாவி விடும் நேரம் அது. அதை ஏழுக்கு மாற்றினோம். ஐபிஎல் ஆட்டம் ஏழரைக்குத் தொடங்கும் என்பதும் ஒரு காரணம். லெந்தும் ஐபிஎல்லும் அநேகமாக ஒன்றாகவே வருகின்றன. ஜெபம் முடிந்து டிவி போடலாமா என்ற கேள்வி அந்த வருஷமே வந்தது. வார நாளில் கிடையாது, சனிக்கிழமை உண்டு என்று முடிவாயிற்று.

ஏழுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது எல்லாப் போனும் ஃப்ரிட்ஜ் மேலிருக்கும் எவர்சில்வர் சம்படத்துக்குள் போகும். சத்தம் முழுதாக வைத்திருப்போம். மணி அடித்தால் எழுந்து போய்ப் பேசலாம், ஆனால் அங்கேயே நின்றுதான் பேச வேண்டும். நின்றுகொண்டு யாரும் அரை மணி நேரம் பேசுவதில்லை. கணவரின் அலுவலகப் போனும் அதே சம்படத்தில்தான். பிள்ளைகள் முதலில் பார்ப்பது அதைத்தான். அப்பா போன் உள்ளே போனால் அவர்கள் போன் சத்தமில்லாமல் போகும்.

வேதாகமத்தைப் போனில் வாசிப்பதையும் நிறுத்தினோம். அதில் சங்கீதப் புத்தகத்தை வாசிக்கும்போது மேலே மளிகைக்கடைத் தள்ளுபடிச் செய்தி வந்து விழுந்தால் கண் அங்கேதான் போகும். என் மாமியாருடைய கல்யாண வேதாகமம் பீரோவிலிருந்து இறங்கியது. பாயை விரித்து வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வசனம் வாசிப்போம். எண்ணாகமத்தில் பேர் வரிசை வந்தால் பெண் திணறுவாள், அண்ணன் எடுத்துக் கொடுப்பான். நூற்றிருபத்தோராம் சங்கீதம் என்றால் அத்தை புத்தகத்தைப் பார்க்கவே மாட்டார், கண்ணை மூடியபடி சொல்லி முடிப்பார்.

அந்த வேதாகமத்தின் முன்பக்க வெள்ளைத் தாளில் குடும்பத்தின் பிறப்பு, ஞானஸ்நானம், மரணம் எல்லாம் மைப்பேனாவில் எழுதியிருக்கிறது. ஒருநாள் பெண் அதை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். என் கணவரின் பெயருக்கு மேலே ஒரு பெண்குழந்தையின் பெயர், பிறந்த வருஷமும் இறந்த வருஷமும் ஒன்றே. "ஆச்சி, இது யாரு?" என்று கேட்டாள். "உங்க அப்பாவுக்கு மூத்தவ, எம்மா" என்று தொடங்கி அத்தை சொன்னதில் பாதி என் கணவருக்கே தெரியாது. காய்ச்சலோடு பிள்ளையை மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, கல்லறைத் தோட்டத்தில் இன்னும் அந்தச் சின்னக் குழி எந்தச் சுவரோரம் இருக்கிறது என்பது வரை சொன்னார். வழக்கமாக அரை மணி நேரத்தில் முடியும் ஜெபம் அன்றைக்கு ஒன்பது மணி வரை போனது. உபாகமம் ஆறாம் அதிகாரத்தில், வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும் வழியில் நடக்கிறபோதும் பிள்ளைகளோடு பேசு என்று இருக்கிறதே, அதற்கு முதலில் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அத்தையின் சீரியல் தனி விஷயம். எழுபது தாண்டியவரிடம் போய்ச் சட்டம் பேச எனக்கு மனம் வரவில்லை. பேசவும் கூடாது, அது அவருடைய வீடு. அவரேதான் ஒரு வழி சொன்னார். மறுஒளிபரப்பு மத்தியானம் வருகிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது பார்த்துக்கொள்கிறேன் என்றார். வீட்டில் மிகப் பெரிய தியாகம் அவருடையது என்று நான் இன்றும் சொல்வேன்.

பிரசங்கம் பார்ப்பது திரை நேரமா? இதில் எங்களுக்குள் நிறையப் பேச்சு நடந்தது. யூடியூபில் தேவசெய்தி ஓடிக்கொண்டே இருக்கும் வீடுகள் நம்மில் உண்டு. காதில் மாட்டிக்கொண்டு படுக்கையில் தனியாகக் கேட்பது, என்னதான் ஆவிக்குரிய செய்தியாக இருந்தாலும், பக்கத்தில் இருக்கும் மனிதரை வெளியே நிறுத்துகிறது. அதனால் அது கணக்கில் சேரும். டிவியில் எல்லோரும் சேர்ந்து கேட்டுப் பிறகு பேசினால் சேராது. இதே அளவைக் கிரிக்கெட்டுக்கும் வைத்தோம். 2023 நவம்பர் 19, உலகக் கோப்பை இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டுச் சேர்ந்து பார்த்தோம். அகமதாபாத்தில் தோற்றதும் சேர்ந்தே சோர்ந்தோம். அதில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை.

எல்லாம் சரியாகிவிடவில்லை. மதிப்பெண் கூடும் என்று எதிர்பார்த்து இதைத் தொடங்காதீர்கள், அப்படி ஒன்றும் எங்களுக்குத் தெரியவில்லை. தூக்கம் நிச்சயம் மாறியது, காலையில் எழுப்பும் பாடு குறைந்தது. பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் இரவு எட்டு மணிக்கு வருவது இன்னும் நிற்கவில்லை. நான் ஒருத்தி மட்டும் போனை எடுத்து, ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்ப வைக்கிறேன். கோடை விடுமுறையில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும் நாட்கள் வரை நன்றாகப் போகும், அது முடிந்த வாரமே எல்லாம் தளரும். சாயங்காலம் மைதானத்தில் விளையாட ஆள் சேர்ந்தால் தப்பிக்கிறோம், சேராவிட்டால் சிரமம்தான்.

பையன் இப்போது வளர்ந்துவிட்டான். நண்பர்கள் இரவில் சேர்ந்து விளையாடுகிறார்கள், தான் மட்டும் இல்லை என்பது அவனுக்கு உண்மையான வலி. அதைச் சின்னதாக நினைக்கக் கூடாது. பிள்ளைகள் மனந்தளர்ந்துபோகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று கொலோசெயரில் பிதாக்களுக்குச் சொல்லியிருப்பதைக் கணவர் இப்போது அடிக்கடி எடுத்துச் சொல்கிறார். அவனையும் உட்காரவைத்துப் பேசி, செயலிகளின் நேரக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டோம். இரவுப் பூட்டு மட்டும் இருக்கிறது. சனிக்கிழமை இரவு நண்பர்களோடு விளையாட்டு. போனைச் சம்படத்தில் வைப்பது அவன் பொறுப்பு, நாங்கள் நினைவுபடுத்துவதில்லை. சில நாள் தாமதமாக வரும். "எய்யா, போனு எங்க?" என்று ஆச்சி மட்டும் கேட்பார், அவருக்குச் சொல்லத் தடையில்லை.

ஷிப்ட் வேலை பார்க்கும் வீடுகளுக்கு எங்கள் நேரம் ஒத்துவராது. அங்கே காலை ஜெபத்தை ஒட்டி ஒரு மணி நேரம் வைத்துக்கொள்பவர்களை எனக்குத் தெரியும், நன்றாக நடக்கிறது. கணவன் மனைவி இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளாத வீட்டில் பிள்ளைகளுக்கு மட்டும் தொடங்காதீர்கள். அது சண்டையில்தான் முடியும். முதன்முதலாகத் தொடங்குகிறவர்களுக்கு லெந்து நல்ல காலம். அதன் முதல் நாளான சாம்பல் புதன் அன்றே ஆரம்பித்துவிடலாம், சபை முழுவதும் ஏதோ ஒன்றை விட்டிருக்கும் நாட்கள் என்பதால் பிள்ளைகளுக்கு விளக்குவதும் எளிது. கீர்த்தனைப் புத்தகமும் வேதாகமமும் பெரிய எழுத்துப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். சின்ன எழுத்து என்றால் ராத்திரி வெளிச்சத்தில் பெரியவர்கள் திரும்பவும் போனைத்தான் கேட்பார்கள்.