வால்ட் டேபிள்: ஒரு வருடம் பழகிய பிறகு

நான் உதவிப் பயிற்சியாளராக இருக்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்துக்குப் புது வால்ட் டேபிள், அதாவது ஓடிவந்து கை ஊன்றித் தாண்டும் மேசை, வந்து போன மாதத்தோடு ஒரு வருடம் முடிந்தது. டேபிளுக்கு முன்னால் தாண்டப் பயன்படுத்திய குறுகலான பழைய ‘குதிரை’க்கே உறை மாற்றி ஓட்டிவிடலாமா, டேபிளுக்குச் செலவு செய்யலாமா என்று கேட்டு யாராவது போன் பண்ணிக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் இதை எழுதுகிறேன். வாங்குங்கள். கடன் வாங்கியாவது வாங்குங்கள்.

நான் கற்றுக்கொண்டது குதிரையில். ஆண்களுக்கு அதை நீளவாக்கில் போடுவார்கள்: நீளம் 160 செ.மீ., அகலம் வெறும் 35, உயரம் 135. ஓடுபாதை அதிகபட்சம் 25 மீட்டர். அவ்வளவு தூரம் முழு வேகத்தில் ஓடிவந்து ஸ்பிரிங்போர்டை மிதித்து, இரண்டு உள்ளங்கையையும் அந்த ஒரு முழம்கூட இல்லாத அகலத்துக்குள் வைத்துத் தள்ள வேண்டும். ஒருமுறை என் இடது கை ஓரத்தில் வழுக்கியது. மணிக்கட்டு வீங்கி ஒன்றரை மாதம் சோற்றைப் பிசையக்கூட முடியவில்லை.

டேபிள் 120 செ.மீ. நீளம், 95 செ.மீ. அகலம். ஆனால் அளவைவிட முக்கியம் அதன் முன்பக்கம், நாக்கு மாதிரி வளைந்து கீழே இறங்குவதால் கை கொஞ்சம் முன்னாலேயே விழுந்தாலும் விளிம்பில் இடிக்காமல் மேலே ஏற்றிவிடும். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் லேசாக உள்ளே போகும், அப்புறம் கெட்டியாக நிற்கும். சாக் பொடி பூசிய கையை வைத்தால் ஒட்டிப் பிடித்துவிட்டு, தள்ளும்போது விட்டுவிடுகிறது. குதிரையில் கை வைக்கப் பயந்து ஓடுபாதையின் நடுவிலேயே நின்றுவிடுகிற ஒரு பையன் இருந்தான். டேபிள் வந்த மூன்றாவது வாரம் அவன் ஹேண்ட்ஸ்பிரிங்கை (கை ஊன்றித் தலைகீழாகச் சுழன்று காலில் இறங்குவது) முடித்து மெத்தையில் இரண்டு காலையும் ஊன்றி நின்றபோது கூடமே கை தட்டியது.

சரி, குதிரையை மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம், இந்த விளையாட்டின் நூறு வருடத்துக்கும் மேலான சரித்திரம் அதன் முதுகில்தான் நடந்தது. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வால்ட்டில் ஜெயித்த ஜெர்மனியின் கார்ல் ஷூமான் அதே போட்டிகளில் மல்யுத்தத்திலும் முதலிடம். 1904 செயின்ட் லூயிஸில் அமெரிக்காவின் ஜார்ஜ் ஐசர் ஒரு காலுக்கு மரக்காலோடு தாண்டி, அன்டன் ஹைடாவுடன் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும். அப்புறம் ஜப்பான்காரர்கள் வந்தார்கள். யமாஷிதா கையை ஊன்றித் தள்ளியதும் இடுப்பை மடக்கி விரிக்கும் தன் தாண்டலோடு 1964 டோக்கியோவில் தங்கம் வாங்கினார். 1970 உலகப் போட்டியில் வால்ட் தங்கம் வாங்கிய சுகஹாரா, பக்கவாட்டில் கை வைத்துத் திரும்பிப் பின்னால் சுழலும் முறையைக் கொண்டுவந்தார், இன்றைக்கும் தாண்டல்களில் ஒரு பெரிய குடும்பமே அவர் பெயரில் இருக்கிறது. கியூபாவின் ரோச்சே முன்பக்கமாகவே இரண்டு குட்டிக்கரணம் போட்டுக் காட்டினார். இத்தனையும் அந்த 35 செ.மீ. மேல்.

ஆனால் தாண்டல்கள் வளர்ந்த அளவுக்குக் குதிரை வளரவில்லை, இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1980களில் சோவியத் வீராங்கனை யுர்ச்சென்கோவின் முறை பரவியது: ரவுண்ட்-ஆஃப் (பக்கவாட்டில் கை ஊன்றிச் சுழன்று, வந்த திசையைப் பார்த்தபடி இரண்டு காலிலும் இறங்குவது) போட்டு, முதுகைக் காட்டியபடி, பார்க்காமலேயே கை வைக்க வேண்டும். அதற்கு ஒரு குறுகிய கட்டை எப்படிப் போதும்? சிட்னி ஒலிம்பிக்குக்கு அப்புறம், 2001-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் நடந்த உலகப் போட்டியில்தான் டேபிள் வந்தது. என்னைக் கேட்டால் பத்து வருடமாவது முன்னால் வந்திருக்க வேண்டும்.

அது வந்த பிறகு என்ன ஆனது என்று பாருங்கள். ரோச்சேயின் இரட்டைச் சுழலோடு அரைத் திருப்பம் சேர்த்தார் ருமேனியாவின் டிராகுலெஸ்கு. 2004 ஏதென்ஸ் இறுதியில் முதல் தாண்டலுக்கு 9.9 வாங்கி, இரண்டாவதில் சறுக்கி வெண்கலத்தோடு நின்றார், எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. போலந்தின் பிளானிக் 2008 பெய்ஜிங்கில் பிரான்ஸின் புவாய்லோடு 16.537 என்று சமமாக வந்து, சமன் முறிக்கும் விதியில் தங்கம் வாங்கினார். 2012 லண்டனில் தென்கொரியாவின் யாங் ஹாக்-சியோன் முன்பக்கத் தாண்டலில் உடலை நேராக வைத்தபடி மூன்று முழுத் திருப்பம் போட்டார், அவர் நாட்டுக்கு ஜிம்னாஸ்டிக்ஸில் அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம். 2024 பாரிஸில் பிலிப்பைன்ஸின் கார்லோஸ் யூலோ முந்தின நாள் ஃப்ளோர் (தரைப் பயிற்சி) தங்கத்தை வாங்கிவிட்டு மறுநாள் 15.116 எடுத்து வால்ட்டிலும் முதலில் வந்தார். நம் ஆஷிஷ் குமார் 2010 டெல்லி காமன்வெல்த்தில் வாங்கிய வால்ட் வெள்ளியும் டேபிள் காலத்துக் கதைதான்.

குறைகளும் உண்டு. எங்களுடையது நகர்த்தவே முடியாத கனம், நாலு பேராவது வேண்டும். ஏழாவது மாதத்தில் அடிப்பக்கத்தில் உறையின் தையல் விட்டது. பெரிய குறை, உயரம் மாற்றும் தண்டில் அச்சடித்திருந்த எண்கள் அழிந்துபோனது. ஆண்களுக்கு 135, பெண்களுக்கு 125 என்று மாற்றி மாற்றி வைக்கிற இடத்தில் இது சின்ன விஷயமில்லை. சிட்னி 2000 பெண்கள் ஆல்-அரவுண்ட் (எல்லாக் கருவிகளும் சேர்ந்த போட்டி) இறுதியில் குதிரையை 5 செ.மீ. தாழ்வாக வைத்துவிட்டார்கள், ஆஸ்திரேலியாவின் அலனா ஸ்லேட்டர் கவனித்துச் சொல்வதற்குள் பாதிப் பேர் தாண்டி முடித்திருந்தார்கள், ரஷ்யாவின் நட்சத்திரம் கோர்கினா போன்றவரே விழுந்தார். அதனால் நான் தண்டில் சிவப்புப் பெயின்டில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன், அதற்கு மேல் தினமும் டேப் வைத்து ஒரு தடவை அளக்கிறேன்.

இன்னொன்று. பட்ஜெட் போடும்போது ஸ்பிரிங்போர்டைச் சுற்றிப் போடும் யு வடிவ மெத்தையையும் சேர்த்துப் போடுங்கள், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். 1988-ல் டோக்கியோவில் ஜூலிசா கோமஸ் என்ற அமெரிக்கப் பெண் யுர்ச்சென்கோ போடும்போது கால் போர்டிலிருந்து நழுவி, தலை குதிரையில் மோதி, மூன்று வருடம் படுக்கையிலேயே இருந்து 1991-ல் போய்விட்டாள். பதினெட்டு வயது. இப்போது சர்வதேசப் போட்டிகளில் யுர்ச்சென்கோ தாண்டுகிறவர்களுக்கு அந்த மெத்தை கட்டாயம். எங்கள் கூடத்தில் ரவுண்ட்-ஆஃப் பழகுகிற எட்டு வயதுக் குழந்தைக்கும் அதைப் போட்ட பிறகுதான் ஓடு என்று சொல்கிறேன்.