பின்னல் குறிப்பு எழுத: ரெக்கார்டு நோட்டா, ரிங் ஃபைலா, ஃபோனா?

வேலூரில் உல்லன் பின்னுவது ஐப்பசியில் சூடுபிடித்து மாசியோடு ஓய்ந்துவிடும். பங்குனி வெயில் ஏறினால் கை வியர்த்து நூல் ஊசியில் நகராது. கத்திரியில் கம்பளி நூலை மடியில் போட்டு உட்கார யாருக்கும் மனம் வராது. பாதியில் நின்ற ஸ்வெட்டர் ஏழு மாதம் பைக்குள் கிடக்கும். திரும்ப எடுக்கும்போது எத்தனையாவது வரிசை, எந்த ஊசி, ஆம்ஹோலுக்கு எங்கே கண்ணி (ஊசியில் விழும் ஒவ்வொரு நூல் வளையம்) குறைத்தோம் என்று எதுவும் நினைவிருக்காது. குறிப்பை எதில் எழுதுவது என்பதை இந்த ஏழு மாத இடைவெளியை வைத்தே முடிவு செய்யலாம். நான் தேர்ந்தெடுத்தது பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் ரெக்கார்டு நோட்டு.

ஃபோனில் தேடுவது சுலபம். 2007-ல் தொடங்கிய ரேவல்ரி என்ற பின்னல்காரர்களின் இணையதளத்தில் அதே பேட்டர்னை மற்றவர்கள் எப்படிப் பின்னினார்கள் என்றும் பார்க்கலாம். ஆனால் படத்தில் நிறத்தை நம்ப முடியாது. டியூப்லைட்டில் எடுத்த மெரூன் ஒரு மாதிரி, வெயிலில் எடுத்தது வேறு மாதிரி. அந்தப் படத்தைக் காட்டி லாங் பஜாரில் மீதி நூல் வாங்கினால் உடம்பு ஒரு நிறம், கை ஒரு நிறம் என்றாகிவிடும்.

ரிங் ஃபைலில் தாளை இடம் மாற்றலாம், நடுவில் சேர்க்கலாம். ஒரு சீசனுக்கு மேல் அதைப் பயன்படுத்தியதில்லை, எத்தனை ஆண்டு தாங்கும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். அந்த ஒரு சீசனிலேயே சில தாள்கள் ஓட்டை கிழிந்து கழன்றுவிட்டன.

ரெக்கார்டு நோட்டில் ஒரு பக்கம் கோடு, எதிர்ப்பக்கம் வெள்ளை, தாளும் தடிமன். கோட்டுப் பக்கத்தில் கணக்கு, வெள்ளைப் பக்கத்தில் நூல் மாதிரியும் அளவுப் படமும். டிசைனுக்குக் கட்டம் போட்ட தாளை ஒட்டிக்கொள்ளலாம். கோல நோட்டு வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: கண்ணிக்கு உயரத்தைவிட அகலம் அதிகம். சதுரக் கட்டத்தில் வட்டமாக வரைந்த பூ பின்னும்போது சப்பையாக வரும்.

ஊசி அளவை மில்லிமீட்டரில்தான் எழுத வேண்டும். ‘8-ம் நம்பர்’ என்று மட்டும் எழுதினால் பழைய பிரிட்டிஷ் கணக்கில் அது 4 மி.மீ., அமெரிக்கக் கணக்கில் 5 மி.மீ. அடுத்தது டென்ஷன், அதாவது நம் கையில் கண்ணி எவ்வளவு இறுக்கமாக விழுகிறது என்ற அளவு. 15 செ.மீ. சதுரத்துக்கு மாதிரி பின்னி, அலசி, தட்டையாகக் காயவைத்து, நடுவில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று எண்ணி எழுத வேண்டும். 22 கண்ணி வந்தால் 110 கண்ணி போட்ட முதுகு 50 செ.மீ. இருக்கும். கை தளர்ந்து 20 ஆகிவிட்டால் அதே முதுகு 55. முன்பக்கமும் சேர்ந்தால் மார்புச் சுற்றில் 10 செ.மீ. கூடிவிடும்.

நூல் மாதிரியை செல்லோடேப்பால் ஒட்டக்கூடாது. மே மாத வெக்கையில் பசை கசிந்து எதிர்த்தாளோடு ஒட்டிக்கொள்ளும், டேப்பும் மஞ்சளாகிவிடும். ஸ்டேப்ளர் பின் மழைக்காலத்தில் துருப்பிடித்து நூலில் கறை ஏற்றும். மைதா பசைக்கு வெள்ளிப்பூச்சி வரும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி, இரண்டு ஓட்டை போட்டு, 30 செ.மீ. நூலை அதில் கோத்துச் சுற்றி, அட்டையை நோட்டுத் தாளோடு தைத்துவிடுவதுதான் நிற்கிறது. லேபிள் இருந்தால் லாட் நம்பரையும் (எந்தச் சாயத் தொகுதி என்று காட்டும் எண்) எழுதலாம். லேபிள் இல்லாத லச்சியாக (நூல் கட்டாக) இருந்தால் ஒரு துண்டைக் கொளுத்திப் பார்க்க வேண்டும்: முடி கருகிய வாசனையும் பொடியும் சாம்பலும் என்றால் கம்பளி, உருகிக் கெட்டி மணியானால் அக்ரிலிக். கம்பளி மாதிரிக்கு அந்துப்பூச்சி வரும் என்பதால் அந்த நோட்டை ஜிப் கவரில் வைப்பது நல்லது.

இந்த நோட்டுக்கும் குறை உண்டு. அட்டைகள் சேரச் சேர முதுகு பிளக்கும். ஒரு நோட்டுக்கு இருபது மாதிரிக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு ஸ்வெட்டருக்கும் நான்கு பக்கம் ஒதுக்காவிட்டால் இடம் போதாது.

பங்குனியில் நிறுத்தும் அன்று வரிசையை முடித்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். நோட்டில் எழுத வேண்டியவை: முடித்த வரிசை எண், ஊசியில் இருக்கும் கண்ணிகள், அடுத்தது நல்ல பக்கமா உள்பக்கமா, மீதி நூல் எத்தனை கிராம். கண்ணிகளை ஊசியிலேயே விட்டால் அந்த வரிசை இழுபட்டுத் தழும்பாகத் தெரியும், ஊசியும் வேறு வேலைக்குப் போய்விடும். வேறு நிறப் பருத்தி நூலில் கோத்து வைக்கலாம். ஐப்பசியில் எடுத்ததும் அதே ஊசியில் சிறு மாதிரி பின்னி, டென்ஷனை நோட்டோடு ஒப்பிட்டு, கடைசி வரிசையைப் பிரித்துப் போட்டு, அந்த எண்ணுக்கு எதிரே தேதி எழுதிவிட்டுத் தொடரலாம்.