ஒரிஜினல் ஜப்பான் வீடியோ கேம் கேசட் என்று சொல்லி 3,500 ரூபாய் பிடுங்கிட்டாங்க, குமரி மாவட்டத்துக்காரங்க கவனிங்க

நாகர்கோவில் வடசேரி பக்கம் பழைய டிவி, ஸ்பீக்கர், வீடியோ கேம் விற்கிற கடை. பெயர் போடல. போனது 3,500 ரூபாய்.

கரடியும் முயலும் பேஸ்பால் ஆடுற கார்ட்டூன் கேம், ஃபேமிகாமுக்கான (நிண்டெண்டோவோட பழைய ஜப்பான் கேம் கன்சோல்) 60 பின் கேசட், சீசன் முழுக்க ஆடலாம், பேட்டரி இருக்கு, விட்ட இடத்துலேர்ந்து ஆட சேவ் ஆகும். இப்படிச் சொல்லித்தான் வித்தாங்க. கடை டிவியிலேயே போட்டும் காட்டினாங்க. கரடி பேட்டை வீசுது, முயல் ஓடுது. கேசட்டைத் திறந்து காட்டச் சொன்னதுக்கு, "தெறந்தா மதிப்பு போயிரும் சாரே. கடை இங்கதானே இருக்கு, நான் எங்க ஓடப் போறேன்?"னார். அந்த வார்த்தையை நம்பித்தான் பணம் கொடுத்தது.

முழு மேட்ச் ஆடினாத்தான் வண்டவாளம் தெரியுது. அணிகளுக்குப் பெயர் இல்ல, ஒத்தை ஆங்கில எழுத்துதான். மொத்தம் ஆறு அணி. பந்து பறந்ததும் ஃபீல்டர் தானா ஓடுறான், எந்த பேஸுக்கு எறியணும்கிறது மட்டும் நம்ம கையில. இது 1983-ல நிண்டெண்டோ விட்ட சாதாரண பேஸ்பால்! அதுல சீசனும் கிடையாது, சேவும் கிடையாது. அந்த கேம்ல ப்ரோகிராம் 16 கேபி, படங்கள் தனியா 8 கேபி. படம் இருக்கிற 8 கேபியில மனுஷன் தலையை அழிச்சு கரடித் தலை வரைஞ்சா வேலை முடிஞ்சுது. முகம் மாறும், ஆட்டம் அதேதான்.

கேசட்டைத் திறந்து பார்த்தா உள்ளே கால் வெச்ச சிப் ஒண்ணுகூட இல்ல, சர்க்யூட் போர்டு நடுவுல கறுப்புப் பசை உருண்டை. பேட்டரி சேவ் உள்ள ஒரிஜினல்ல 3 வோல்ட் வட்ட பேட்டரி தகட்டோட சால்டர் பண்ணியிருக்கும், கூடவே சேவைப் பிடிச்சு வைக்கிற ரேம் சிப்பும் இருக்கும். இதுல பேட்டரி வைக்க இடமே விடல.

திரும்பக் கேட்டா முதல்ல "கடல் காத்து சாரே, குளச்சல் பக்கம் எல்லாருக்கும் இப்படித்தான்". உப்புக்காத்து பட்டா பின்னுல பச்சை பூக்கும், அவ்வளவுதான். ஒரு கேமை இன்னொரு கேமா அது மாத்துமா? அடுத்து "மொதலாளி திருவனந்தபுரம் போயிருக்காரு". அப்புறம் பில்லைத் திருப்பி, வித்த பொருள் திரும்ப எடுக்கப்படாதுங்கிற சீலைக் காட்டுனாங்க. இப்ப வாட்ஸ்அப்ல நீல டிக் மட்டும் விழுது. 3,500 ரூபாய்ங்க!

என்னென்ன பார்க்கணும்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்துல இவ்வளவுதான் வருது. போர்டு போட்டோ தராத கடையில வாங்காதீங்க. சேவ் பண்ணி, கன்சோலை அணைச்சு, கேசட்டை உருவி, திரும்பப் போட்டுப் பாருங்க. விட்ட இடத்துலேர்ந்து ஆட பாஸ்வேர்டு தர்ற கேமுக்கு பேட்டரி தேவையில்ல, அதைக் குழப்பிக்காதீங்க. "ஒரிஜினல், பேட்டரி சேவ்"னு பில்லுல எழுதி வாங்குங்க. ஏமாந்தவங்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணுங்க. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் இல்ல.